சிறுகதைகளில் மனச்சாட்சியின் நெருக்கடி

தமக்குச் சரியென்று படுவதைச் செய்யவிடாமல் நட்பு, மேலிடத்துக் கட்டளை, ஊர்வழக்கம், குடும்ப மானம் போன்றவை ஒருவரைத் தடுக்கும் நிலையை மனச்சாட்சியின் நெருக்கடி எனலாம். நாவலிலும் நாடகத்திலும் இது இடம்பெறும். ஆயினும் சிறுகதைக்கு இது மிகவும் பொருந்திய கருவாகும். ஒரு மனிதன், ஒரு முடிவு, அதற்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் என்பதே பல நல்ல சிறுகதைகளின் அமைப்பு. வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஐந்து கதைகள் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றில் நான்கை என் வகுப்புகளில் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நட்பா, நீதியா?

பிரேம்சந்த் 1916இல் எழுதிய 'பஞ்ச பரமேசுவரர்' இந்தி இலக்கியத்தின் தொடக்ககாலச் சிறுகதைகளுள் புகழ்பெற்றது. ஜும்மன் ஷேக்கும் அல்கு சௌத்ரியும் நெருங்கிய நண்பர்கள். ஜும்மனின் வயதான சித்தி தன் சொத்தை அவன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறாள். எழுதி வாங்கும்வரை நடந்த உபசாரம் அதன்பின் நின்றுவிடுகிறது. அவள் பஞ்சாயத்தைக் கூட்டி, தலைவராக அல்குவையே தேர்ந்தெடுக்கிறாள். ஜும்மனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அல்கு தயங்கும்போது, உறவு கெட்டுவிடும் என்பதற்காக நேர்மையைச் சொல்லாமல் இருப்பாயா என்ற பொருளில் கிழவி ஒரு கேள்வி கேட்கிறாள். அல்குவால் அதிலிருந்து தப்ப முடியவில்லை. சித்திக்கு மாதச்செலவு கொடுக்க வேண்டும், மறுத்தால் எழுதிக் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளிக்கிறான். நட்பு முறிகிறது.

பின்னர் அல்குவின் மாட்டைக் கடனுக்கு வாங்கிய வண்டிக்காரன், அதை ஓயாமல் ஓட்டிச் சாகடித்துவிட்டுப் பணம் தர மறுக்கிறான். அந்த வழக்கில் ஜும்மன் நடுவராக அமர்கிறான். பழிவாங்க நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அவனுக்குப் பொறுப்பு உறைக்கிறது, நியாயத்தையே சொல்கிறான். நண்பர்கள் மீண்டும் சேர்கிறார்கள். இந்த முடிவு சற்று எளிதாக வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றும். ஆனாலும் கதையின் முதல் பாதி, கிழவி கேள்வி கேட்கும் அந்த இடம், மாணவர்களை ஒருபோதும் விட்டதில்லை.

ஊரே சேர்ந்து செய்யும்போது

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'குலுக்கல்' 1948 ஜூன் மாதம் 'நியூயார்க்கர்' இதழில் வெளிவந்தது. சுமார் 300 பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கல் நடக்கிறது. கறுப்புப் புள்ளியிட்ட சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரை ஊரார் கல்லால் அடித்துக் கொல்வார்கள். இது வாசகருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. அதுவரை வானிலை, விவசாயம், மதியச் சாப்பாடு என்று சாதாரணப் பேச்சுகளே நடக்கின்றன.

இக்கதையைக் குருட்டு மரபுக்கு எதிரான கதை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். டெஸ்ஸி ஹட்சின்சன் என்ற பெண்ணைக் கூர்ந்து கவனித்தால் இன்னொன்று தெரியும். அவள் தாமதமாகச் சிரித்துக்கொண்டே வருகிறாள். குலுக்கல் தன் குடும்பத்தின் மீது விழுந்த பிறகுதான் முறையாக நடக்கவில்லை என்று கூச்சலிடுகிறாள். அப்போதும் குலுக்கலே தவறு என்று அவள் சொல்லவில்லை. தனக்கான ஆபத்தைக் குறைப்பதற்காக, மணமாகிப்போன தன் மகளையும் சேர்த்துக் குலுக்க வேண்டும் என்கிறாள். சற்று முன்புவரை அவளோடு சிரித்துப் பேசிய பக்கத்துப் பெண், இரு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய கல்லைப் பொறுக்குகிறாள். டெஸ்ஸியின் சிறுவயது மகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள்.

வேறு சில ஊர்களில் குலுக்கலைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சும் கதையில் வருகிறது. ஒரு முதியவர் அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுகிறார். ஆக, மாற்றுவழி உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கதை வெளிவந்த கோடையில் ஆசிரியருக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. பலர் திட்டியிருந்தார்கள். சிலர் இந்தக் குலுக்கல் எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்திருந்தார்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிதில், தேர்ச்சி விழுக்காடு குறையும் என்பதற்காக ஒரு பத்தாம் வகுப்பு மாணவனை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட ஆசிரியர் கூட்டத்தில் முடிவாயிற்று. தாள் வரிசையாக வந்தது. எனக்கு முன் பதினோரு கையெழுத்துகள் இருந்தன. நான் பன்னிரண்டாவதாகப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இக்கதையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

கடமை என்னும் சொல்

அயர்லாந்தின் பிராங்க் ஓ'கானர் எழுதிய 'நாட்டின் விருந்தினர்' (1931) போர்க்காலக் கதை. அயர்லாந்து விடுதலைப் போரில் பெல்ச்சர், ஹாக்கின்ஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிப்பாய்கள் பிடிபட்டு, ஒரு கிழவியின் வீட்டில் காவலில் இருக்கிறார்கள். காவலர்களும் கைதிகளும் சேர்ந்து சீட்டாடுகிறார்கள். பெல்ச்சர் கிழவிக்கு வீட்டுவேலையில் ஒத்தாசை செய்கிறான். ஹாக்கின்ஸ் ஓயாமல் மதத்தைப் பற்றி வாதாடுகிறான். நாளடைவில் பகைவர் என்ற எண்ணமே மறைந்துவிடுகிறது. ஆங்கிலேயர் ஐரிஷ் கைதிகளைச் சுட்டுவிட்டதால், பதிலுக்கு இந்த இருவரையும் சுட வேண்டும் என்று மேலிடத்து ஆணை வருகிறது.

ஆணையைக் கொண்டுவரும் டோனவன் வாயில் கடமை என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஹாக்கின்ஸ் முதலில் அதை வேடிக்கை என்றே நினைக்கிறான். பிறகு உங்கள் பக்கமே சேர்ந்துவிடுகிறேன் என்று மன்றாடுகிறான். பெல்ச்சர் கடைசி நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொள்ளத் தன் கைக்குட்டை போதாமல் இன்னொன்று கேட்டு வாங்குகிறான். தன்னைக் கொல்லப்போகிறவர்களின் சங்கடத்தை உணர்ந்தவனாய் அமைதியாகப் பேசுகிறான். கதையைச் சொல்லும் இளைஞன் ஆணையை மீறவில்லை. இதுதான் கதையின் கனம். மீறியிருந்தால் அவனை வீரன் என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம்.

ஒதுங்கிக்கொண்டவன்

டால்ஸ்டாய் 1903இல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1911இல் வெளியான 'நடன விருந்துக்குப் பிறகு' கதையில், இவான் என்ற இளைஞன் வாரென்கா என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். விருந்தில் அவளோடு ஆடும் அவளுடைய தந்தையான கர்னலையும் அவனுக்குப் பிடித்துப்போகிறது. மறுநாள் விடியலில், தப்பியோடிப் பிடிபட்ட தாத்தாரியச் சிப்பாய் ஒருவனை இரு வரிசைக்கு நடுவே இழுத்துச் சென்று இருபுறமும் அடிப்பதைக் காண்கிறான். முன்னின்று நடத்துபவர் அதே கர்னல். வேகமாக அடிக்காத ஒரு மெலிந்த சிப்பாயின் முகத்தில் அவர் கையுறை அணிந்த கையால் அறைகிறார்.

இவான் சண்டை போடவில்லை. இவ்வளவு உறுதியோடு இதைச் செய்கிறார்கள் என்றால், தனக்குத் தெரியாத ஏதோ நியாயம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறான். எவ்வளவு முயன்றும் அந்த நியாயம் அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் படையிலும் சேரவில்லை, வேறு அரசுப் பணிக்கும் போகவில்லை. காதலும் மெல்லத் தேய்ந்து போகிறது. டால்ஸ்டாயின் அண்ணன் செர்கேயின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி இக்கதைக்கு அடிப்படை. இவானின் முடிவு கோழைத்தனமா, நேர்மையா என்று வகுப்பில் கேட்டால் மாணவர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிடுவார்கள்.

ஒரு தாயின் இரண்டு முடிவுகள்

தமிழில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் சர்ச்சையை எழுப்பியது. மழைநாளில் முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விதவைத் தாய் முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும்போது, மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். ஊர் வகுத்த கற்பு நெறியில் வளர்ந்த ஒரு பெண், சில நிமிடங்களுக்குள் அந்த நெறியை மீறித் தன் மகள் பக்கம் நிற்கிறாள். பொய் சொல்லித்தான் நிற்கிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தாய் அப்படி நடந்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்ற வினாவிலிருந்து, ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். அதற்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள், ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். சிறுகதையில் பெயரில்லாமல் இருந்த அந்த மாணவிக்கு நாவலில் கங்கா என்று பெயர்.