கண்ணாடித் தொட்டியில் ஆராக்கீரை விரிப்பு

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூவானாலும் கும்பப்பூவானாலும் களையெடுப்போர் கையில் சிக்குவது ஆராக்கீரை. நான்கு சிற்றிலைகளுடன் சேற்றில் படரும் இந்த நீர்ப்பெரணி சில வீடுகளில் கறியாகிறது. மற்றபடி வரப்பில் வீசப்படுகிறது. இதே இனச் செடிகளை மீன் தொட்டியின் தரையில் பச்சை விரிப்பாக வளர்க்க நகரத்தார் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஜப்பானியரான தக்காஷி அமானோ (1954–2015) பரப்பிய தொட்டித் தோட்டக்கலை இவ்விருப்பத்தைப் பெரிதும் வளர்த்தது.

விற்பனையை எண்ணிப் பாத்தி கட்டுமுன் ஒரு தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது நல்லது. நீளம் 45, அகலம் 30, உயரம் 30 செ.மீ. உள்ள தொட்டி போதும். சுமார் 40 லிட்டர் கொள்ளும். அடியில் 2 செ.மீ. சலித்த வயல் மண், அதன்மேல் 3 முதல் 4 செ.மீ. கழுவிய ஆற்று மணல் இட வேண்டும். சாணமோ யூரியாவோ சேர்க்கவே கூடாது. பயிருக்கு ஊட்டமாகும் அம்மோனியா மீனுக்கு விஷம். உரமிட்டுப் பழகிய கை சும்மா இராது. தொட்டிகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். கடற்கரை மணலும் ஆகாது. அதிலுள்ள சிப்பித் துகள்கள் நீரைக் கடினமாக்கும். மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடல் மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் உண்டு.

களைக்கொல்லி தெளித்த வயலில் கொடி எடுக்க வேண்டாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம்–தேரூர் பறவைக் குளங்களிலும் கை வைக்கக் கூடாது. சொந்த வயல் கொடியை நன்கு அலசி, நத்தை முட்டை, அட்டை பார்த்து நீக்கி, கணுவும் வேரும் உள்ள துண்டுகளாக நறுக்கி, 3 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும்.

நட்டவுடன் நீர் நிரப்பாமல், மண் நனையுமளவே ஊற்றி, மேலே கண்ணாடி மூடி ஐந்தாறு வாரம் விடலாம். வேர் பிடித்த பின் மெல்ல நீர் நிரப்பினால் கொடி மிதந்து எழாது. மூழ்கியதும் பழைய இலைகள் அழுகும். அஞ்ச வேண்டாம், அவற்றைக் கிள்ளிவிட்டால் நீருக்குப் பழகிய குட்டை இலைகள் வரும். உயர்ந்து நிற்கும் காம்புகளையும் அவ்வப்போது வெட்ட வேண்டும். வெயில் நேரே பட்டால் பாசி மூடும், எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றலாம். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும். நீர் நிரப்பி மூன்று, நான்கு வாரம் கழித்துச் சில கப்பி மீன்களை மட்டும் விடலாம். தரை முழுவதும் மூட மூன்று மாதமும் ஆகும்.

கைகூடினால், நிழல்வலைக்கடியில் சேறு நிரப்பிய தட்டுகளில் பெருக்கலாம். ஆனால் அதற்கு முன் நாகர்கோவிலிலோ, சென்னை கொளத்தூரிலோ உள்ள வண்ணமீன் கடைக்காரர்களிடம் எவ்வளவு எடுப்பார்கள், என்ன விலை என்று கேட்டுக்கொள்வது அவசியம். கேட்பாரில்லாவிட்டால் அது கீரைப் பாத்திதான்.

வெளிநாட்டு விரிப்புச் செடி வைத்திருப்போர் வெட்டிய துண்டுகளை வாய்க்காலில் எறியக் கூடாது. குளங்களை அடைக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்ததுதான். துண்டுகளை வெயிலில் நன்கு உலர்த்தி எருக்குழியில் இடலாம்.