சீனித்துளசி

சீனித்துளசிக்கும் துளசிக்கும் பெயரைத் தவிர உறவில்லை. இது சூரியகாந்திக் குடும்பச் செடி. இரண்டு மூன்று அடி உயரம் வளர்ந்து, சிறு வெள்ளைப் பூக்கள் பூக்கும். பூத்தபின் இலையில் இனிப்பு குறைவதால், மொட்டு விடும் தருணத்திலேயே அறுத்துக் காயவைப்பார்கள்.

சொந்த ஊர் பராகுவே நாட்டின் வடகிழக்கு மேட்டுநிலம். அங்குள்ள குவாரனி மக்கள், கசக்கும் மாத்தே பானத்தில் இந்த இலையைப் போட்டுத் தலைமுறைகளாகக் குடித்து வந்தனர். சுவிட்சர்லாந்தில் பிறந்து பராகுவேயில் குடியேறிய மொய்சேஸ் பெர்த்தோனி 1899இல் இதற்கு அறிவியல் விவரணை எழுதினார். அவர் சிறப்பித்த வேதியியலாளர் ஒவிதியோ ரெபவுதியின் பெயரைத்தான் 'ஸ்டீவியா ரெபவுதியானா' என்ற தாவரப்பெயர் இன்றும் சுமக்கிறது.

இனிப்பூட்டும் பொருளான ஸ்டீவியோசைடை 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். ஸ்டீவியால் என்ற நடுக்கூட்டில் மூன்று குளுக்கோஸ் துண்டுகள் கோத்த அமைப்பு அது. நான்கு கோத்தால் ரெபவுதியோசைடு ஏ. இரண்டும் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. குளுக்கோஸ் இருந்தும் இரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை. சிறுகுடல் நொதிகளால் இந்தக் கோவையை அறுக்க முடியாது. பெருங்குடல் நுண்ணுயிரிகளே அறுக்கின்றன, அந்தக் குளுக்கோஸையும் அவையே தின்றுவிடுகின்றன. எஞ்சும் ஸ்டீவியாலைக் கல்லீரல் மாற்றியமைக்க, அது சிறுநீரில் வெளியேறுகிறது.

குறை நாக்கில்தான் தெரியும். இதே மூலக்கூறுகள் கசப்பு உணரிகளையும் தட்டுவதால், இனிப்பு மெல்ல ஏறி, நெடுநேரம் தங்கி, அதிமதுரம் மென்றதுபோல் ஒரு கசப்பை விட்டுச்செல்கிறது. கசப்பு குறைந்த ரெபவுதியோசைடு எம் இலையில் மிகச் சொற்பம். அதனால் அதை ஈஸ்ட் நொதிப்பு மூலமாகவும் தயாரிக்கிறார்கள். அப்போது செடிக்கு அதில் வேலையே இல்லை.

சமையலில் சங்கடம் வேறு. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் இனிப்புக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் போதும். விரல்நுனியில் ஒட்டும் தூசுதான் அது. காப்பியில் கலந்துவிடலாம், மைசூர்பாகுக்குக் கம்பிப்பதம் வராது. கேக் பொன்னிறமாகச் சிவக்காது, ரொட்டிமாவின் ஈஸ்ட்டுக்கும் இது உணவாகாது. கடைப் பொட்டலங்களில் அளவைக் கூட்ட எரித்ரிட்டால், டெக்ஸ்ட்ரோஸ் போன்றவை சேர்ப்பதும் இதனால்தான். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸின் மறுபெயரே என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

ஜப்பான் 1970களிலேயே இதை வணிகமாக்கியது. அமெரிக்கா 2008இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் உணவில் சேர்க்க வழிவிட்டன. ஆனால் அந்த அனுமதி இலைக்கு அல்ல. காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, பிசின்வழி செலுத்தி, ஆல்கஹாலால் கழுவி, படிகமாக்கிய வெள்ளைத் தூளுக்கு மட்டுமே. அந்தத் தூளில் குறைந்தது 95 விழுக்காடு ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் இருக்கவேண்டும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மில்லிகிராம், ஸ்டீவியால் கணக்கில், என்பது உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த வரம்பு.