மண்ணும் வறட்சியும் பருத்தி இழையும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். இருப்பறையில் கருநீலச் சேலைகள் சில விலைபோகாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. துணியெங்கும் ஊசிமுனையளவில் வெண்புள்ளிகள். சாயமிட்டவரின் கவனக்குறைவே காரணமெனக் கருதி, நிர்வாகக் குழுவினர் அவருடைய கூலியில் பிடித்தம் செய்திருந்தனர். நானும் அதனைச் சரியென ஒப்பமிட்டேன். பின்னர் அந்நூலைப் பரிசோதித்தபோது, குற்றம் சாயத்தொட்டியில் இல்லை, பருத்திச் செடியில் என்பது தெளிவாயிற்று. முதிராத பஞ்சிழைகள் நூலில் சிறு முடிச்சுகளாகத் திரண்டு, சாயத்தை ஏற்காமல் வெளிறி நின்றன.

பஞ்சு முதிராமைக்குக் காரணங்கள் பல. மானாவாரிப் பருத்தியில் அவற்றுள் முக்கியமானது வறட்சி. அது எந்த மண்ணை எப்பொழுது தாக்குகிறது என்பதை உழவரும் நெசவாளரும் ஒருங்கே அறிந்திருத்தல் நலம்.

கரிசலும் செவலும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பகுதிகளின் கரிசல் நிலம் களிமண் மிகுந்தது. ஒரு மீட்டர் ஆழமுள்ள கரிசல், செடிக்குப் பயன்படும் நீரை ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் மழையளவுக்குத் தேக்கி வைக்கும். மணல் கலந்த செம்மண் பெரும்பாலும் அதில் பாதியளவே தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொண்டு தை மாதத்திலும் கரிசற் பருத்தி பசுமையாக நிற்பதும், மழை நின்ற இரண்டொரு வாரங்களில் செவற்காட்டுச் செடி வாடுவதும் இதனாலேயே.

ஆயினும் கரிசல் எந்நாளும் கைகொடுக்கும் என எண்ணிவிடலாகாது. முற்றும் உலர்ந்த கரிசலில் பெய்யும் சிறுமழை மேல்மண்ணோடு நின்றுவிடும். அதே மழை செம்மண்ணில் இன்னும் ஆழமாக இறங்கும். எஞ்சிய நீரையும் களிமண் இறுகப் பற்றிக்கொண்டு வேருக்கு விடாது. நிலம் வெடிக்கும்போது வேர்கள் அறுபடுவதோடு, வெடிப்பின் வழியே ஆழத்து ஈரமும் ஆவியாகும்.

எப்பொழுது காய்ந்தால் என்ன நட்டம்?

சப்பை கட்டும் பருவத்தில் ஈரம் குன்றினால் செடி சப்பைகளையும் பிஞ்சுகளையும் உதிர்க்கும், மகசூல் குறையும். பூ மலர்ந்த பின் முதல் மூன்று வாரங்களில் இழை நீளும்; அப்பொழுது வறட்சி நேர்ந்தால் இழை குட்டையாகும். அடுத்த மூன்று, நான்கு வாரங்களில் இழையின் சுவர் தடிக்கும். அப்பொழுது காய்ந்தால் இழை முதிராது. சங்கத்துத் தராசு முதல் நட்டத்தையே நன்கு காட்டும். மற்ற இரண்டும் நூற்பாலையிலும் தறியிலும் சாயத்தொட்டியிலுமே வெளிப்படும்.

செய்யத்தக்கவை

மண்ணுக்கேற்ற இனத்தைத் தேர்தல் முதற்கடமை. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி வறட்சியைத் தாங்கும். ஆனால் அதன் இழை குட்டையானது, நயம் நூலுக்கு ஆகாது. நீண்ட இழை இனங்களுக்கு ஆழமான மண்ணோ கிணற்றுப் பாசனமோ வேண்டும். கரிசலில் பருவமழைக்குச் சற்று முன்னரே விதைத்தலும், மழைநீர் ஓடாதபடி நிலத்தைச் சிறு பாத்திகளாக வரப்பிடுதலும், இடையுழவால் வெடிப்புகளை மூடுதலும் பயன் தரும்.

சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கிடங்கிற்கு வரும் பருத்தியை ஒரே அம்பாரமாகக் கொட்டலாகாது. கரிசல், செவல் எனவும், முதற்பறிப்பு, கடைப்பறிப்பு எனவும் பிரித்துக் குவித்துச் சீட்டிட வேண்டும். செவற்காட்டு ஏழை உழவருக்கு இதனால் விலை குறையுமே என்பர் சிலர். அவ்வச்சம் நியாயமானதே. எனினும், குட்டை இழைக்கும் ஜமக்காளம் போன்ற தடித்த நெசவில் உரிய இடம் உண்டு. கலந்து விற்றாலோ வியாபாரி மட்டமானதைக் கண்டு முழுக் குவியலுக்கும் விலையைக் குறைப்பான். நட்டம் இருவருக்கும் நேரும்.

அடுத்த தணிக்கையின்போது, சாயமிட்டவரிடம் பிடித்த கூலியைத் திருப்பித் தருமாறு குறிப்பெழுதினேன், சங்கமும் தந்தது. ஆராயாமல் ஒப்பமிட்ட பிழை என்னுடையது. மழை பொய்த்த குறைக்காக ஒரு தொழிலாளியின் கூலி இனியும் குறையாதிருக்க வேண்டுமானால், அங்கத்தினர்கள் தத்தம் கிடங்கிலேயே அதற்கான வேலையைத் தொடங்குவார்களாக.