லேப்டாப்பைச் செருகியதும் ஸ்பீக்கர் ஏன் முனகுகிறது?

லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆக்ஸ் வயர் போட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. பாடகர் ஆலாபனையை நிறுத்தி மூச்சு வாங்குகிற இடைவெளியில் பின்னாலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். சில வீடுகளில் முனகலுக்குப் பதிலாக மெல்லிய 'ஙீ' சத்தம் வரும். மவுஸை நகர்த்தினால் அதன் சுதி மாறும், திரையில் பக்கத்தைத் தள்ளினால் கரகரக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் சட்டென்று அடங்கிவிடும்.

கடையில் கேட்டால், "கரண்ட் சுத்தமா இல்ல சார், ஒரு ஃபில்டர் போடுங்க" என்பார்கள். அதில் பாதிதான் சரி. இரைச்சல் பிறப்பது மின்சாரத்தோடு தொடர்புள்ள இடத்தில்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபயரின் பவர் கார்டு வழியாக உள்ளே வருவதில்லை. பாட்டைக் கொண்டுவருகிற வயர் வழியாகவே வருகிறது.

முதலில் அது எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். சுவரில் நமக்குக் கிடைப்பது 230 வோல்ட், நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் மாறுதிசை மின்சாரம். பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர்களில் இதைக் குறைக்க இரும்புத் தகடுகளை அடுக்கிய கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. இன்றைய சார்ஜர்களில் அந்தக் கனம் கிடையாது. அவை மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, அதை ஒரு டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் லட்சக்கணக்கான முறை, வெட்டி வெட்டி அனுப்புகின்றன. வேகம் கூடக்கூட டிரான்ஸ்ஃபார்மரின் அளவு சுருங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் சார்ஜர் லேப்டாப்புக்கே தீனி போடுவது இப்படித்தான். இதன் பெயர் எஸ்எம்பிஎஸ். டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், செல்போன் சார்ஜர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்று இருக்கும். எல்.இ.டி. பல்புகள் பலவற்றிலும் உண்டு.

இந்த வெட்டுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வெட்டின் கூர்மையான விளிம்பும் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தெறிக்கவிடுகிறது. அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி மறுபக்கம் குதித்துவிடும் இரைச்சலைத் திரும்ப உள்ளேயே இழுத்துக்கொள்ள, இரு பக்கங்களுக்கும் பாலமாக ஒரு சிறிய கெப்பாசிட்டரை வைக்கிறார்கள். 'ஒய் கெப்பாசிட்டர்' என்பார்கள். ஒன்றிரண்டு நானோஃபாரட்தான் இருக்கும். உயர் அதிர்வெண்ணுக்கு அது நல்ல பாலம். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் அது துளித்துளியாகக் கசியவிடும். இரண்டு பின் சார்ஜரில் போட்ட உலோக உடல் லேப்டாப்பைப் புறங்கையால் மெல்ல வருடிப் பாருங்கள். 'சுர்ர்' என்று ஒரு கூச்சம் தெரியும். அதுதான் அந்தக் கசிவு. மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் சார்ஜர் ஒழுங்கானதாக இருந்தால் ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கசிவு எர்த்தைத் தேடி எந்த வழியிலாவது போகத்தான் செய்யும்.

லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் அதற்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ஆக்ஸ் வயரிலும் ஆர்சிஏ வயரிலும் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு வலை உறை. பாட்டு நடுக்கம்பியில் போய் உறை வழியாகத் திரும்புகிறது. வெளி இரைச்சலைத் தடுக்கும் வேலையும் அதே உறைக்குத்தான். கசிவு மின்சாரமும் எர்த்தைத் தேடி அதே உறையில் ஓடுகிறது. பாசன நீரும் சாக்கடையும் ஒரே வாய்க்காலில் போவதுபோலத்தான். ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உறையின் இரு முனைகளுக்கும் இடையில் என்ன வோல்ட் எழுந்தாலும் அதையும் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டால் இது புரியும். மூன்று பின் சார்ஜர் ஒரு ப்ளக்கில், மூன்று பின் ஆம்ப்ளிஃபயர் அறையின் மறுமூலையில் இன்னொரு ப்ளக்கில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்து எர்த்தும் மில்லிவோல்ட் கணக்கில் சற்றே வேறுபடும். இரண்டையும் ஆக்ஸ் வயர் இணைத்ததும் எர்த், லேப்டாப், வயர், ஆம்ப்ளிஃபயர், மறுபடி எர்த் என்று ஒரு வளையம் பூர்த்தியாகிறது. அதில் 10 மில்லிஆம்பியர் ஓடட்டும். உறையின் மின்தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதன் குறுக்கே 1 மில்லிவோல்ட் எழும். வீட்டுக் கருவிகளில் பாட்டின் அளவு சுமார் 300 மில்லிவோல்ட். முந்நூறில் ஒரு பங்கு சத்தம் அமைதியான அறையில் தெளிவாகவே காதில் விழும்.

இதில் கேபிள் டிவி வயரும் ஒரு கூட்டாளி. தெருவிலிருந்து வரும் அந்த வயரின் உறை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். டிவியை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்ததும் முனகல் வருகிறதென்றால், செட்டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் அந்த வயரைத்தான் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். முனகல் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டான்.

சரி, முனகல் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ். மவுஸ் நகரும்போது கேட்கும் அந்த 'ஙீ' எங்கிருந்து வருகிறது? லேப்டாப்பின் சில்லுகள் வேலைக்கு ஏற்றபடி மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் இழுக்கின்றன. அந்த ஏற்ற இறக்கம் லேப்டாப்பின் கிரவுண்டில் பதிந்து உறை வழியாக வெளியே வருகிறது. யூஎஸ்பி வயருக்கென்றே ஒரு தாளமும் உண்டு. பழைய வேகத்தில் ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை, அதிவேகத்தில் 125 மைக்ரோநொடிக்கு ஒரு முறை அதில் தரவுத் துடிப்பு போகும். அதனால்தான், யூஎஸ்பியில் வரும் தரவைப் பாட்டாக மாற்றும் 'யூஎஸ்பி டாக்' கருவிகளில் சில நேரம் சரியாக 1000 ஹெர்ட்ஸிலோ 8000 ஹெர்ட்ஸிலோ ஒரு விசில் கேட்கிறது. காதுக்கு எட்டாத லட்சம் ஹெர்ட்ஸ் இரைச்சலும் சும்மா இருப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அதன் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்து, பழைய ஏஎம் ரேடியோ செய்ததுபோலவே, காதுக்குக் கேட்கும் சத்தமாக மாற்றிவிடும்.

குற்றத்தில் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபயர் செய்தவர்களுக்கும் உண்டு. சாக்கெட்டில் வந்து சேரும் உறையை வாசலிலேயே உலோகப் பெட்டியோடு சேர்க்காமல், உள்ளே சர்க்யூட் பலகை வரை இழுத்துக்கொண்டு போனால் இரைச்சலுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். 1995இல் நீல் மன்சி என்ற பொறியாளர் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் ஸ்டூடியோ கருவிகளில் இருந்த இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். 'பின் 1 பிரச்சினை' என்று அத்துறையினர் இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

வழி வயர்தான் என்றால் வைத்தியமும் வயரில்தான். காசே ஆகாத வைத்தியம், லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. எர்த் வேறுபாடு சுருங்கும், முனகலும் அதோடு குறையும். போதவில்லையென்றால் வளையத்தை அறுக்க வேண்டும். டிவிக்கு இது எளிது. பின்பக்கம் சிவப்பு ஒளி தெரியும் ஆப்டிகல் துளை இருக்கிறதா என்று பாருங்கள். தோஷிபா 1983இல் கொண்டுவந்த இந்த இணைப்பில் பாட்டு ஒளியாகப் போகிறது. உலோகமே இல்லாத வழியில் கசிவு ஓட முடியாது. நெட்வொர்க்கில் பாட்டு வாங்கும் கருவியாக இருந்தால், உலோக உறை இல்லாத சாதாரண லேன் வயரே போதும். அதன் இரு முனைகளிலும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் ஏற்கெனவே உள்ளன. ஹெச்டிஎம்ஐயில் இந்தச் சௌகரியம் இல்லை. அது கிரவுண்டோடு கிரவுண்டை நேராகச் சேர்த்துவிடும்.

ஆக்ஸ் வயரிலேயே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு பொருள் விற்கிறது. உள்ளே இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டும், கசிவு நின்றுவிடும். முனகல் இதற்கு நன்றாகவே கட்டுப்படும். ஆனால் மலிவானவற்றில் உள்ளிருக்கும் இரும்பு மிகச் சிறியது என்பதால் அடித்தொனி தேய்ந்துவிடும். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி மெலிந்து, வலந்தலை மட்டும் தெளிவாக நிற்கும். யூஎஸ்பி டாக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது யூஎஸ்பி ஐசோலேட்டர். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடியூஎம்4160 சில்லை வைத்துச் செய்தவை 12 மெகாபிட் வேகம்தான் தரும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு அது தாராளம். வாங்கும்போது தரவை மட்டுமல்ல, 5 வோல்ட் மின்சாரத்தையும் அது பிரிக்கிறதா என்று கேளுங்கள்.

இனி கடையில் தலையில் கட்டப் பார்க்கும் பொருள்கள். ஸ்பைக் பஸ்டர் என்பது மின்னலாலோ மின்வாரிய வயரில் ஏற்படும் திடீர் எழுச்சியாலோ வரும் சில நூறு வோல்ட் அடியை வாங்கிக்கொள்ளும் காவல். ஓரிரு வோல்ட் இரைச்சல் அதன் கண்ணிலேயே படாது. ஸ்டெபிலைசர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்குமே தவிர இரைச்சலைத் தொடாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் பவர் கார்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. சுவருக்குள் பல மீட்டர் சாதாரண ஒயரிங்கில் வந்த மின்சாரம் கடைசி ஒன்றரை மீட்டரில் எப்படித் திருந்தும்?

உண்மையான லைன் ஃபில்டர் வேலை செய்யும். ஆனால் எர்த் இருந்தால்தான். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் இரைச்சலை எர்த்தில்தான் கொட்டுகின்றன. எர்த் வெறும் பேருக்கு இருக்கும் வீட்டில் அந்தக் குப்பை போக இடமில்லாமல் ஆம்ப்ளிஃபயரின் உடலிலேயே தேங்கும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், அந்த உலோகப் பெட்டி மிதக்கும். டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரியும்.

முனகலை நிறுத்தச் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: எர்த் பின்னைக் கழற்றிவிடு. வளையம் அறுந்து முனகல் நிற்பது நிஜம்தான். உள்ளே ஒரு ஒயர் இற்று உடலைத் தொட்டால், அப்போது எர்த்துக்குப் போகும் வழி அதைத் தொடுகிறவரின் உடம்புதான். வளையத்தைப் பாட்டு வயரில் அறுங்கள், எர்த் வயரில் அறுக்காதீர்கள்.

வயர் வழியாக வராத இரைச்சலும் கொஞ்சம் உண்டு. அதைப் பிடிக்க ஒரு பழைய பாக்கெட் ரேடியோ போதும். மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சார்ஜர், எல்.இ.டி. பல்பு, ரவுட்டர் என்று ஒவ்வொன்றின் அருகிலும் ரேடியோ என்ன கத்து கத்துகிறது என்று கேளுங்கள். டிவி போன்ற கருவிகள் மின்கம்பியில் விடும் இரைச்சலுக்கு 'சிஸ்பர் 32' என்ற சர்வதேசத் தரநிலை வைக்கும் வரம்பு 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதைக்கூட மதிக்காத மலிவுச் சார்ஜர்கள் இந்தச் சோதனையில் தனியாகத் தெரிந்துவிடும். அவற்றை ஆம்ப்ளிஃபயர் செருகிய பாக்ஸிலிருந்து அகற்றுங்கள். அகற்ற முடியாதவற்றின் வயரில் ஒரு ஃபெரைட் கிளிப்பை மாட்டி, முடிந்தால் வயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரையும் மறக்க வேண்டாம். திருகித் திருகி வேகத்தைச் சன்னமாக மாற்றும் ரகம் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டுகிறது, வேகத்தைக் குறைத்து வைத்தால் சத்தம் கூடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று 'டக் டக்' எனப் படிப்படியாக நகரும் கெப்பாசிட்டர் ரகத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரே உறுமினால், அது சதுர அலை இன்வெர்ட்டர். அந்த உறுமலுக்கு மேலே சொன்ன எந்த ஐசோலேட்டரும் உதவாது. சைன் அலை இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் வரும்வரை பாட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.