கடைக்கு ஒரு கமெரா: எதைப் பார்த்து வாங்குவது?

வத்தேகமயில் கடை வைத்திருக்கும் நமக்கு இன்று படம் எடுப்பதும் வியாபாரத்தில் ஒரு வேலையாகிவிட்டது. மிளகு, கராம்பு மாதிரியை வெளியூர் முதலாளிக்குக் காட்ட வேண்டும். புதிதாக வந்த துணியை வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். உடைந்து வந்த சரக்கைப் பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். இதற்குத் தொலைபேசி போதாதா, தனியாகச் சிறிய டிஜிட்டல் கமெரா ஒன்றும் வேண்டுமா?

பெரும்பாலானோருக்குத் தொலைபேசியே போதும். 2010 இல் ஜப்பானிய நிறுவனங்கள் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமெராக்களைச் சந்தைக்கு அனுப்பின. 2023 இல் அது 80 இலட்சத்தையும் எட்டவில்லை. அவ்வளவு வியாபாரத்தையும் தொலைபேசி எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் தொலைபேசியில் வங்கிக் கணக்கு இருக்கிறது, இரகசிய இலக்கம் வருகிறது, கொடுக்கல் வாங்கல் எல்லாம் இருக்கிறது. சரக்கைப் படம் எடுக்க அதைக் கடைப் பையனிடம் கொடுப்பது கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பது போலத்தான். ஒருவருக்கு மேல் வேலை செய்யும் கடையில் பொதுவாக ஒரு சிறிய கமெரா இருப்பதன் பயன் இங்கேதான்.

வாங்கும்போது மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம். 4 க்கு 6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும். உள்ளே ஒளியை வாங்கும் சென்சரின் அளவைத்தான் கேட்க வேண்டும். சாதாரணச் சிறிய கமெராவில் அது ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலம். 2012 இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 போன்றவற்றில் 13 மில்லிமீற்றர். பரப்பில் நான்கு மடங்கு. நமது கடைகளில் மழை நாளில் இருக்கும் மங்கிய வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியும். விலையும் அதற்கேற்பக் கூடும். பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்தே எடுப்பவருக்குச் சாதாரணமானது போதும்.

அடுத்தது ஸூம். வில்லை நகர்ந்து கிட்டக் காட்டும் ஒப்டிகல் ஸூமை மட்டும் கணக்கில் எடுங்கள். டிஜிட்டல் ஸூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் இருக்க வேண்டும், கெனனில் ஐ.எஸ்., நிக்கொனில் வி.ஆர். என்று எழுதியிருக்கும். கராம்பு மணியைக் கிட்ட வைத்து எடுக்க மெக்ரோவும் தேவை.

பாவித்த கமெரா வாங்குவோர் மெமரி கார்டைப் பாருங்கள். 4 ஜி.பி. முதலான எஸ்.டி.எச்.சி. கார்டுகள் 2006 இல்தான் வந்தன. அதற்கு முந்திய கமெராக்கள் பல 2 ஜி.பி. க்கு மேல் ஏற்காது. பழைய ஒலிம்பஸ், புஜிபில்ம் சிலவற்றுக்கு எக்ஸ்.டி. கார்டு வேண்டும், அதை இப்போது தேடித் திரிய வேண்டும். பெட்டரி தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ஏதும் தெரிந்தால் அது பூஞ்சணம். நமது மலைநாட்டு ஈரத்தில் அது எளிதாகப் பிடிக்கும். வாங்கிய பின்னும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.

காசு கொடுக்கு முன் ஒரு சின்னப் பரீட்சை. விற்பவரின் கடைக்குள்ளேயே, ஃப்ளாஷ் இல்லாமல், ஒரு பில்லைப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சிறிய எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு திகதியைச் சரிசெய்து, பெட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். திகதி அழிந்துவிட்டால், உடைந்த சரக்குக்கு ஆதாரமாக எடுக்கும் படங்களில் அது தொல்லை தரும். படத்தைத் தொலைபேசிக்கு மாற்ற வை-பை உண்டா, இல்லையேல் கார்ட் ரீடர் வாங்க வேண்டுமா என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எந்தக் கமெராவானாலும் முதல் படத்தைச் சரக்கின் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் வைட் பெலன்ஸைத் திருத்துங்கள். படத்தில் ஒரு நிறமும் பார்சலில் வேறு நிறமும் வந்தால், வாடிக்கையாளர் கமெராவைக் குறை சொல்லமாட்டார். நம்மைத்தான் சொல்வார்.