121ஆம் விதியில் மறைந்த வரி

கூட்டரசின் நீதி அதிகாரம் இரண்டு உயர் நீதிமன்றங்களைச் சாரும் என்று மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 121(1)ஆம் விதி 1988 வரை சொல்லிவந்தது. அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த வரியை எடுத்துவிட்டது. கூட்டரசுச் சட்டம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவே நீதிமன்றத்தின் அதிகாரம் என்று ஆனது. 1986 தேர்தலில் 177 இடங்களில் 148ஐ வென்று, திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரு பங்குக்கும் மேல் வைத்திருந்த ஆளும் தேசிய முன்னணிக்கு இது எளிதான வேலை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1987 ஏப்ரலில், முன்னணியின் முதன்மைக் கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் தெங்கு ரசாலியைப் பிரதமர் மகாதீர் வென்றது 43 வாக்குகளில்தான். தோற்ற அணியினர் வழக்குத் தொடுத்தார்கள். பதிவு பெறாத கிளைகள் இருந்ததால் அம்னோவே சட்டவிரோத அமைப்பு என்று 1988 பிப்ரவரி 4 அன்று நீதிபதி ஹருண் ஹாஷிம் தீர்ப்பளித்தார். வழக்குப் போட்டவர்களே அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மார்ச் 9 அன்று, பலரை விசாரணையின்றித் தடுத்துவைத்த லாலாங் நடவடிக்கையில் பிடிபட்ட எதிர்க்கட்சி உறுப்பினர் கர்ப்பால் சிங்கை ஈப்போ உயர் நீதிமன்றம் விடுவித்தது. அன்றே அவர் மறுபடி கைதானார்.

மலேசியாவில் அதிபர் பதவி இல்லை. ‘லார்ட் பிரசிடென்ட்’ என்ற பட்டம் 1994 வரை நீதித்துறைத் தலைவருக்கு உரியதாக இருந்தது. அப்பதவியில் இருந்த துன் சாலே அபாஸ், நீதித்துறையைப் பிரதமர் தாக்கிப் பேசிவந்தது குறித்து மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். அம்னோ மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் ஜூன் 13இல் விசாரிப்பதாக நாளும் குறித்தார். மே மாதமே அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் இடத்தில் தற்காலிகமாக அமர்ந்தவரே அவரை விசாரித்த மன்றத்துக்கும் தலைவரானார். அம்மன்றத்தைத் தடுக்க உத்தரவிட்ட ஐந்து நீதிபதிகளும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் இருவர் பிறகு நீக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 8 அன்று சாலே அபாஸ் பதவி இழந்தார். மறுநாள் அம்னோ மேல்முறையீடு தள்ளுபடியானது.

நீதிமன்றத்துக்குப் பதிலாகச் சட்ட வரியையே மாற்றுவது மலேசியாவில் மட்டும் நடந்ததன்று. இலங்கையில் 2018 நவம்பரில் அதிபர் சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், நாலரை ஆண்டு முடியுமுன் அதிபர் தம் விருப்பப்படி கலைக்க முடியாது என்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2020இல் வந்த 20ஆவது திருத்தம் அந்த நாலரையை இரண்டரையாக்கியது. தீர்ப்பு எந்த வரியின்மேல் நிற்கிறதோ அந்த வரியை மாற்றினால் போதும் என்பது அங்கும் தெரிந்திருந்தது.

மலேசிய நீதிமன்றங்கள் இழந்ததை மீட்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. காஜாங்–சிரம்பான் நெடுஞ்சாலைக்காக எடுத்த நிலத்துக்கு இழப்பீடு கேட்ட செமிஞ்சே ஜெயா வழக்கில் 2017 ஏப்ரல் 20 அன்று தீர்ப்பு வந்தது. மதிப்பீட்டாளர்கள் இருவர் சொல்லும் தொகைக்கு நீதிபதி கட்டுப்பட வேண்டும் என்ற சட்டப்பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் செல்லாததாக்கியது. நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்து வேறொருவரிடம் கொடுக்க முடியாது என்று நீதிபதி சைனுன் அலி எழுதிய அத்தீர்ப்பு கூறியது.

ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கு அதை அடுத்து வந்தது. இஸ்லாத்துக்கு மாறிய கணவர் மூன்று பிள்ளைகளையும் தாயின் சம்மதமின்றி மதம் மாற்றியது செல்லாது என்று 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1988 திருத்தத்தோடு நுழைந்த 121(1ஏ) விதி அதற்குத் தடையாகவில்லை. ஆயினும் தந்தை கொண்டுபோன கடைசி மகள் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தாயிடம் வந்து சேரவில்லை. உத்தரவிடுவதுதான் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை.

1988இல் எடுத்த வரி இன்னும் அரசியலமைப்புச் சட்டத்துக்குத் திரும்பவில்லை. அதைத் திரும்பச் சேர்க்க, 222 பேர் கொண்ட இன்றைய மக்களவையில் மூன்றில் இரு பங்கான 148 வாக்குகள் வேண்டும்.