இரு சில்லிலிருந்து நாற்சில்லுக்கு

ஒரு துறையில் உச்சம் தொட்டவர் மற்றொன்றில் மாணாக்கராய் அமர்வது எளிதன்று. ஆங்கிலேயரான ஜோன் சேர்ட்டீஸ் அவ்வாறு அமர்ந்தார். 1956 முதல் 1960 வரை மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் ஏழு உலகப் பட்டங்கள் வென்ற அவர், 1960இலேயே ஃபோர்மியூலா வன் காரோட்டத்திலும் இறங்கினார்.

வேகம் இரண்டிற்கும் பொது. உடல் கற்கும் பாடமோ வேறு. வளைவிலே மோட்டார் சைக்கிளோட்டி வண்டியோடு தானும் உட்புறம் சாய்கிறார். காரிலோ சாய்வதாற் பயனில்லை. நான்கு சில்லுகளும் நிலத்தைப் பற்றும் அளவை ஆசனத்தின் வழியே உணர்ந்து சுக்கானைத் திருப்பவேண்டும். பழைய பழக்கத்தை மறத்தலே முதற்பாடம். பாதையின் வழுக்கலை உணரும் நுண்மையும், பிறேக் பிடிக்கும் கணத்தைக் கணிக்கும் ஆற்றலும் மட்டுமே உடன்வருவன.

1964இல் ஃபெராரி காரில், கிரஹாம் ஹில்லை ஒரே புள்ளியால் முந்தி உலகப் பட்டம் பெற்றார். இவ்விரண்டிலும் உலகப் பட்டம் வென்றவர் இன்றுவரை அவரொருவரே. மீண்டும் மாணாக்கராக நாணாதவர்க்கே இரண்டாம் வெற்றி வாய்க்கும்.